முந்நூற்றுப் பத்துத் தப்படி

போன மாதம் தஞ்சாவூரில் உங்கள் பயிற்சி வகுப்பில் ஒரு மணி நேரம் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "சார், நீங்க அதிகபட்சம் எவ்வளவு தூரத்துல அடிச்சிருக்கீங்க?" என்று கேட்டார். "முந்நூற்றுப் பத்துத் தப்படி" என்றேன். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன். டீ கொடுத்தார்கள், சால்வை போர்த்தினார்கள், கும்பகோணம் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள்.

பாபநாசம் தாண்டுவதற்குள் மனசு உறுத்த ஆரம்பித்துவிட்டது. நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் அது பாதிப் பதில். மீதிப் பாதியைச் சொல்லாமல் கைதட்டலை வாங்கிக்கொண்டு வந்தது சரியில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுடும் வேலை இனி உங்கள் கைக்கு வருகிறது. தூரத்தை அளந்து எண்ணாகக் காட்டும் கருவி கொடுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நல்லது. எங்களுக்குக் கால்தான் கருவி. நடந்து எண்ணுவோம். ஓர் எட்டு ஒரு தப்படி.

நான் வனத்துறைக்கு வந்ததே துப்பாக்கியால்தான். திருவிடைமருதூர்க்காரன். கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்து, குறி பார்த்துச் சுடும் போட்டிகளில் மெடல் வாங்கியவன். வேலைக்குச் சேர்ந்த பிறகும் துறைப் போட்டிகளுக்கு என்னைத்தான் அனுப்பினார்கள். பிறகு முத்துப்பேட்டைப் பக்கம் மாற்றல். ஆறு கடலில் கலக்கும் இடம். ஒரு பக்கம் அலையாத்திக் காடும் உப்பங்கழியும், மறுபக்கம் கடைமடை வயல்கள். காவிரித் தண்ணீர் எல்லா ஊருக்கும் பாய்ந்தது போக, கடைசியாக வந்து சேரும் இடம். வந்தால் உண்டு.

அந்த எட்டு வருஷங்களைப் போலச் சந்தோஷமான காலம் என் உத்தியோகத்தில் வேறில்லை. விடியற்காலையில் சைக்கிளில் வரப்போரமாகப் போனால், பனியில் நனைந்த சம்பாப் பயிரின் வாசனையும் கழியிலிருந்து வரும் சேற்று வாசனையும் ஒன்றாகக் கலந்து வரும். இரண்டும் சேர்ந்த அந்த வாசனையை நான் வேறெங்கும் முகர்ந்ததில்லை. இப்போதும் சில நாள் காலையில் கதவைத் திறக்கும்போது அதைத் தேடுகிறேன்.

என்னோடு ஒரு காவலர் இருந்தார். தற்காலிகப் பணியாளர், கடைசி வரைக்கும் தற்காலிகமாகவே இருந்தார். வயதில் எனக்குப் பதினைந்து வருஷம் மூத்தவர், பதவியில் எனக்குக் கீழே. நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை ஐயா என்பார். பெயரை எழுதவில்லை. எழுதுவதை அவர் விரும்பியிருக்க மாட்டார். அதிகம் பேச மாட்டார். நான் சேர்ந்த முதல் வாரத்தில், தண்ணீர் கட்டி நின்ற ஒரு நடவு வயலின் வரப்பில் நின்றுகொண்டு, "இங்கேருந்து அந்தத் தென்னை மரத்தை அடிச்சுக் காட்டவாண்ணே?" என்று அவரிடம் பெருமை பேசினேன். அவர் கீழே கிடந்த ஓர் ஓட்டாஞ்சில்லை எடுத்துத் தண்ணீர் மேல் படுக்கையாக வீசினார். அது தவளை மாதிரி ஐந்தாறு தரம் தத்தித் தத்தி அடுத்த வயலுக்குப் போய் விழுந்தது.

"தோட்டாவும் இப்படித்தாங்கய்யா போகும்" என்றார். "இது மலை நாடு இல்ல. தடுக்கறதுக்கு ஒண்ணும் கெடையாது. எங்க போயி நிக்கும்னு யாருக்குத் தெரியும்?"

நான் சிரித்தேன். குறி தப்பினால்தானே அந்தக் கவலை என்று நினைத்தேன். எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது.

அங்கே அமிர்தம் என்று ஒரு விவசாயி இருந்தார், அவர் கதைக்கு வருகிறேன். முப்பத்தைந்து வயதிருக்கும் அப்போது. கணவர் மலேசியாவில் வேலையில் இருந்தார். இந்த அம்மாள் தனியாக ஒன்பது மா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்துவந்தார். மூன்று ஏக்கர். ஆள் வைத்து வேலை வாங்குகிறவர் இல்லை. நாற்றுப் பறிப்பதிலிருந்து தூற்றுவது வரைக்கும் சேற்றில் முதல் ஆளாக நிற்பவர். அவருடைய வயலுக்கு மேற்கே சீமைக்கருவேல் மண்டிய ஒரு திடல். அதில்தான் பன்றிகள் படுத்திருக்கும். மார்கழியில் சம்பா பால் பிடித்த நேரம் பார்த்து இறங்கின. பன்றி நெல்லைத் தின்பது கொஞ்சம். புரண்டு நாசம் பண்ணுவதுதான் அதிகம். ஒரே வாரத்தில் அந்தப் பகுதியில் நாலைந்து பேர் வயல் கட்டாந்தரை மாதிரி ஆகிவிட்டது. மனுப் போட்டார்கள். அந்த ஊர் எல்லைக்குள் குறிப்பிட்ட நாட்களுக்குள் சுடலாம் என்று எழுத்தில் அனுமதி வந்தது. துப்பாக்கி என்னிடம் வந்தது.

அந்த வருஷம்தான் எங்கள் துப்பாக்கிக்கு ஸ்கோப் பொருத்தினார்கள். அதில் முதன்முதலாகக் கண் வைத்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. தூரத்து வரப்பில் உட்கார்ந்திருந்த ஒரு கொக்கின் கண் தெரிந்தது. உலகமே கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. அங்கேதான் நான் ஏமாந்தேன். பக்கத்தில் வந்தது படம்தான். பன்றி நின்ற இடத்தில்தான் நின்றது.

மூன்று நாள் காத்திருந்தோம். சுடும் தூரத்துக்குள் எதுவும் வரவில்லை. நாலாம் நாள் சாயங்காலம், வெயில் மஞ்சளாகச் சாய்ந்திருந்த நேரம், திடலின் ஓரத்தில் ஓர் ஆண் பன்றி தனியாக வெளியே வந்தது. வெகு தூரம். என் பின்னால் வரப்பில் ஏழெட்டு விவசாயிகள் நின்றிருந்தார்கள்.

"சார், நிக்குது பாருங்க. அடிங்க சார்."

"போயிடும் சார், சீக்கிரம்."

"மெடல் எல்லாம் வாங்குன ஆளுன்னாங்களே" என்று யாரோ மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது.

காவலர் மட்டும் என் முழங்கையைத் தொட்டு, "வேணாங்கய்யா. நாளைக்கு வரும்" என்றார்.

நான் வரப்பில் படுத்து ஸ்கோப்பில் கண் வைத்தேன். பன்றியின் தோள் பெரிதாக, அசையாமல் தெரிந்தது. மூச்சைப் பிடித்துச் சுட்டேன். குறியில் பிழையில்லாமல்தான் சுட்டேன், இன்றைக்கும் சொல்வேன். ஆனால் விசையை இழுத்ததற்கும் தோட்டா போய்ச் சேர்ந்ததற்கும் இடையில், கண் சிமிட்டும் நேரத்துக்குள், பன்றி ஓர் எட்டு முன்னால் வைத்துவிட்டது. அட்டையில் வரைந்த வட்டம் எனக்கு அப்படிச் செய்ததே இல்லை. தோளுக்குப் போன தோட்டா வயிற்றில் பட்டது. பன்றி உட்கார்ந்தது. எழுந்தது. திடலுக்குள் போய்விட்டது.

நானும் காவலரும் நடந்து போனோம். போகும்போது எண்ணினேன். முந்நூற்றுப் பத்து. அந்த எண் அப்படித்தான் எனக்குக் கிடைத்தது. அந்த இடத்தில் ரத்தம் அதிகம் இல்லை. காவலர் குனிந்து எதையோ விரலால் வழித்து உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினார். அரைபட்ட பால் நெல். கொஞ்சம் பச்சை, கொஞ்சம் சிவப்பு. பன்றியின் வயிற்றுக்குள் இருந்தது.

"செத்துடும்" என்றார். "ஆனா சட்டுனு சாகாது. தாகம் எடுக்கும். தண்ணியத் தேடிப் போகும்."

வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. கருவேல் முள்ளுக்குள் காயம்பட்ட ஆண் பன்றியைத் தேடி இருட்டில் போக முடியாது. அதில் தப்பில்லை. தப்பு அதற்கப்புறம் நடந்தது.

"ஊர்ல சொல்லிடுவோங்கய்யா" என்றார் காவலர்.

"சொன்னா பயந்துடுவாங்கண்ணே. விடிய வந்து முடிச்சிடலாம்."

அவர் உள்ளங்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். வரப்புக்குத் திரும்பி வந்தபோது எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். அமிர்தமும் அங்கே இருந்தார். "பட்டுச்சா சார்?" என்று கேட்டது அவர்தான்.

"இல்லம்மா. தப்பிடுச்சு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். பயம் என்று சொல்ல முடியாது. மெடல் வாங்கியவன் வயிற்றில் சுட்டான் என்பதைவிட, எட்டாத தூரத்தில் குறி தப்பியது என்பது கௌரவமாகப் பட்டது. அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது.

மறுநாள் விடியும்போது மோட்டார் சைக்கிளில் போனோம். நாங்கள் வாய்க்கால் மதகுக்கு வந்து சேர்வதற்குள் சத்தம் கேட்டது. ஒரே ஒரு அலறல். பிறகு ஒன்றுமில்லை. ஓடினோம்.

அமிர்தம் மடை திறக்க வந்திருக்கிறார். முந்தின நாள் முறைத் தண்ணீர் வந்திருந்தது. விட்டால் அடுத்த முறை எப்போதோ. மண்வெட்டியோடு வாய்க்கால் கரையில் இறங்கியபோது, தண்ணீரோரம் கோரைக்குள் படுத்திருந்த பன்றி எழுந்து வந்திருக்கிறது. வலது தொடையை மேலிருந்து கீழே கிழித்துவிட்டிருந்தது. அவர் கரையில் மல்லாந்து கிடந்தார். கையில் மண்வெட்டி அப்படியே இருந்தது. பன்றி நாலைந்து தப்படி தள்ளி, பின்னங்கால் தள்ளாட, தலையைத் தொங்கப்போட்டு நின்றுகொண்டிருந்தது. மறுபடி வர அதற்குத் தெம்பில்லை. போகவும் முடியவில்லை. கிட்டப் போய்ச் சுட்டேன்.

காவலர் தன் துண்டைக் கழற்றித் தொடையில் இறுக்கிக் கட்டினார். அன்று அந்தத் துண்டுதான் அமிர்தத்தைக் காப்பாற்றியது என்று பிறகு டாக்டர் சொன்னார். ஒரு வேனைப் பிடித்துத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழி முழுக்க அவர் கண்ணைத் திறந்துகொண்டுதான் வந்தார். மன்னார்குடி தாண்டும்போது, "மடை தொறந்தே கெடக்கு. யாரையாச்சும் அடைக்கச் சொல்லுங்க" என்றார்.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் சாயங்காலம், வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். உயிருக்கு ஆபத்தில்லை, நரம்பு அறுபட்டதால் கால் பழையபடி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். காவலர் ரொம்ப நேரம் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"நீங்க சொல்றீங்களாய்யா, நான் சொல்லவா?"

அவர் அதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஊரில், ஆபீசில், தன் வீட்டில்கூட. நானாகச் சொல்வேன் என்று மூன்று நாள் காத்திருந்திருக்கிறார். நான் எழுந்து உள்ளே போனேன்.

அமிர்தத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். தோட்டா பட்டது எனக்குத் தெரியும், அது தண்ணீருக்கு வரும் என்பதும் தெரியும், தெரிந்தும் தப்பியது என்று சொன்னேன் என்றேன். மன்னிப்பு என்ற சொல் வாய் வரைக்கும் வந்தது. கேட்க உரிமையில்லை என்று தோன்றியதால் கேட்கவில்லை.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லியிருந்தா ஒரு நாள் கழிச்சுத் தொறந்திருப்பேன்" என்றார். பிறகு, "அது ராத்திரி பூரா உசுரோடதான் கெடந்துச்சா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா."

"பாவம்" என்று சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். யாரைச் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

ஆபீசில் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். "பன்றி தாக்கியது என்று மட்டும் எழுதினால் போதாதா?" என்று மேலதிகாரி ஒரு தரம் கேட்டார். நல்ல மனுஷர், என்னைக் காப்பாற்றத்தான் கேட்டார். போதாது சார் என்றேன். துப்பாக்கியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். இரண்டு வருஷம் அது என் கைக்கு வரவில்லை.

அந்த இரண்டு வருஷத்தை நான் தண்டனையாக நினைக்கவில்லை. இப்போது திரும்பிப் பார்த்தால் நான் வேலை கற்றுக்கொண்ட காலம் அதுதான். கையில் ஒரு குச்சியோடு காவலருக்குப் பக்கத்தில் நடந்தேன். கடலோரத்து வெயிலும், அவர் வீட்டிலிருந்து கொண்டுவரும் பழைய சோற்றோடு வறுத்த இறாலும், மதகுச் சுவரில் சாய்ந்தபடி போட்ட குட்டித் தூக்கங்களும் சேர்ந்துதான் ஞாபகம் வருகின்றன. மிருகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அதன் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கக் கற்றேன். நம் வயலில் களை பறிக்கும் பெண்கள் குனிந்திருந்தால் இருப்பதே தெரியாது. வரப்புக்கு மேல் ஒரு தலை தெரிவதற்கு அரை நிமிஷம் ஆகும். முந்நூற்றுப் பத்துத் தப்படியில் நான் சுட்ட அன்று, அந்தத் திடலுக்கு அப்பால் யார் இருந்தார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை. வெறும் உப்பங்கழிதான் இருந்தது. அது என் அதிர்ஷ்டம். என் திறமையில் சேராது.

துப்பாக்கி திரும்பக் கிடைத்ததும், உரிய அனுமதியோடு சுடுதளத்தில் எனக்கு நானே ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓர் அட்டை. மிருகத்தின் உயிர் இருக்கும் இடம் அவ்வளவுதான். நான் பாயில் படுத்துக்கொண்டு சுடவில்லை. சேற்றில் ஓடி, மேல்மூச்சு வாங்க வந்து நின்று, எண்ணி ஐந்து தோட்டா. ஐந்தும் தட்டுக்குள் விழ வேண்டும். ஒன்று வெளியே போனாலும் அந்தத் தூரம் என்னுடையதல்ல. இப்படிப் பல நாள் செய்து பார்த்ததில் எனக்குக் கிடைத்தது எழுபது தப்படி. மெடல் வாங்கியவனுக்கு எழுபது. அன்றைக்கு முழுக்க யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. உங்களுக்கு நூறு இருக்கலாம், நாற்பதும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் அதை நீங்களே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். துப்பாக்கியோடு கொடுக்கும் புத்தகத்தில் அது இருக்காது.

அதற்கு மறுவருஷம் பன்றிகள் மறுபடி இறங்கின. அதே திடல், அதே மார்கழி. மேலதிகாரி புதியவர். அமிர்தம் அப்போதும் அதே நிலத்தைத்தான் சாகுபடி செய்துகொண்டிருந்தார். வலது காலைப் பக்கவாட்டில் வீசி வீசித்தான் நடப்பார். நடவுக்கு இறங்க முடியாது; வரப்பில் நின்று வேலை வாங்குவார். என்னைப் பார்த்தால், "வாங்க சார்" என்பார். அதற்கு மேல் பேச்சு இருக்காது.

பன்றிகள் நடு வயலில் வந்து மேய்ந்தன. எங்கே நின்று பார்த்தாலும் இருநூறு தப்படிக்குக் குறையாது. அவற்றுக்குப் பின்னால் தட்டையாக வயல், அதற்குப் பின்னால் தெருவும் வீடுகளும். ஒன்பது நாள் விடியற்காலையில் போய் உட்கார்ந்தேன். ஒன்பது நாளும் சுடாமல் எழுந்து வந்தேன். ஊரில் பேச்சு வளர்ந்தது. ஆபீசிலிருந்து விளக்கம் கேட்டு ஒரு கடிதமும் வந்தது.

பத்தாம் நாள் அமிர்தம் என்னை வரப்பில் மறித்துக்கொண்டார். அன்று பேசினார்.

"அன்னிக்குச் சுட்டீங்க, என் காலு போச்சு. இன்னிக்குச் சுடாம உக்காந்திருக்கீங்க, என் நெல்லு போவுது. நான் என்னதான் சார் பண்றது?"

உண்மையைச் சொல்வது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வழி. எழுபது தப்படிக்கு மேல் சுட்டால் ஒரே தோட்டாவில் விழுமென்று என்னால் உறுதி சொல்ல முடியாது, பின்னால் மண் இல்லாவிட்டால் தோட்டா எங்கே போய் நிற்கும் என்றும் சொல்ல முடியாது என்றேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "எழுவதா?" என்றார்.

"எழுபதும்மா."

"பின்னாடி மண்ணு இருக்கணும்?"

"ஆமா."

அவர் திரும்பிக் கிழக்கே பார்த்தார். அவருடைய வயலின் கிழக்கு எல்லையில் ஆற்றங்கரை. இரண்டாள் உயரத்துக்கு மண் மேடு, வெள்ளத்துக்காகக் கட்டியது. பன்றிகள் அந்தப் பக்கம் போவதே இல்லை. அவர் காலை வீசி வீசிக் கரையடிக்குப் போனார். அங்கிருந்து வயலுக்குள் வரப்பு வழியாக வாய்விட்டு எண்ணிக்கொண்டே திரும்பி நடந்தார். அவருடைய எட்டு சின்ன எட்டு. எழுபதில் நின்று, குச்சி ஒன்றை நட்டார்.

"இங்க பரண் கட்டுனா?"

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. பரணுக்கும் கரைக்கும் நடுவில் இடுப்பளவுக்குப் பயிர் நின்றது. அது நின்றால் பன்றியின் முதுகு மட்டும்தான் தெரியும். சுட முடியாது.

"நடுவுல பயிர் இருக்கேம்மா" என்றேன்.

"அறுத்துடுறேன்."

"இன்னும் முத்தலையே."

"தெரியும் சார். நான்தானே நட வச்சேன்."

மறுநாள் காலை இரண்டு பெண்களோடு அரிவாளை எடுத்துக்கொண்டு வந்தார். பால் நெல்லோடு நின்ற பயிரைக் கரையோரமாக ஒரு மா அளவுக்கு அறுத்துப் போட்டார்கள். வழக்கமாக அறுப்பென்றால் கேலியும் பேச்சுமாக இருக்கும். அன்று அரிவாள் சத்தம் தவிர ஒன்றுமில்லை. அறுத்த பயிர் மாட்டுக்குத்தான் போனது. நானும் காவலரும் கூட நின்று கட்டுக் கட்டினோம். என் இருபத்தெட்டு வருஷ உத்தியோகத்தில் எத்தனையோ பேர் என் துப்பாக்கியை நம்பியிருக்கிறார்கள். என் துப்பாக்கியால் என்ன முடியாது என்பதை நம்பி, அதற்காகத் தன் பயிரை அறுத்தவர் அவர் ஒருவர்தான்.

கரையடியில் கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துக் கொட்டினோம். இரண்டு நாள் பன்றிகள் வந்து மோந்துவிட்டுப் போயின. சுடவில்லை, பழகட்டும் என்று விட்டோம். மூன்றாம் நாள் விடிந்து, ஆட்களின் முகம் தெரியும் நேரத்தில், கூட்டமாக வந்தன. ஒரு பெரிய ஆண், மூன்று பெட்டை, கூட வளர்ந்த குட்டிகள். பரணில் நானும் காவலரும். ஸ்கோப்பைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். ஆண் பன்றி முதலில் முகத்தைக் காட்டி நின்றது. பிறகு அதன் முன்னால் ஒரு குட்டி நின்றது. குட்டி நகர்ந்ததும் பெட்டை ஒன்று பின்னால் வந்து நின்றது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. என் தோள் மரத்துப்போனது. காவலர் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்கவில்லை.

பெட்டை விலகியது. ஆண் பக்கவாட்டில் திரும்பியது. அதற்குப் பின்னால் மண் மட்டும் இருந்தது.

சுட்டேன். நின்ற இடத்திலேயே, கால் மடங்கி, அப்படியே உட்கார்ந்தது. ஒரு சத்தம் போடவில்லை.

மற்றவை தெறித்து வடக்கே ஓடின. இருநூறு தப்படிக்கு மேல் ஓடியதும், பெட்டைகளில் பெரியது திறந்த வரப்பில் ஏறி நின்று திரும்பிப் பார்த்தது. அதற்குள் சத்தம் கேட்டு ஊர்க்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் பரணைச் சுற்றி நின்று கத்தினார்கள்.

"சார், அதோ பெருசு நிக்குது! அடிங்க சார்!"

"இதைவிட்டா கெடைக்காது சார்!"

துப்பாக்கியில் தோட்டா இருந்தது. அனுமதியும் இருந்தது. பன்றி அசையாமல் நின்றது. அதற்குப் பின்னால் தெருவில் யாரோ வீட்டு வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். நான் தோட்டாவை வெளியே எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன். கீழே ஒருவர் என்னைத் திட்டினார். அந்த வருஷம் பன்றிகள் மறுபடி வந்தன. அவர் திட்டியதில் நியாயம் உண்டு.

அமிர்தம் அறுத்த தாள்களுக்கு நடுவே மெதுவாக நடந்து வந்தார். செத்துக் கிடந்ததன் பக்கத்தில் நின்று, குனிந்து, அதன் கண்ணை ஒரு தரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, இன்னும் வடக்கே கைகாட்டிக் கத்திக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தார்.

"அவரு எழுவதுக்கு மேல சுட மாட்டாரு" என்றார். "போயி வேலையப் பாருங்க."